பாடிக்கொண்டே உடைத்த கடலை

லாதோரோ ஊர்ப் பக்கத்தில் அச்சிரோ அக்காவை எல்லோரும் மண்வெட்டித் தலைவி என்றுதான் சொல்வார்கள். எங்கள் மொழியில் ரூவோட் குவேரி. எந்த வயலில் யார் முதலில் கொத்துவது, எல்லைக் கல்லை நகர்த்தியது யார், ஆடு மேய்ந்த பயிருக்கு யார் பதில் சொல்வது என்பதையெல்லாம் தீர்த்துவைப்பது அந்தப் பதவிக்காரரின் வேலை. பெரும்பாலும் ஆண்கள்தான் அதில் இருப்பார்கள். ஆனால் சண்டை ஓய்ந்து அகதி முகாம்கள் கலைந்து நாங்கள் ஊர் திரும்பியபோது ஆண்கள் யாரும் முன்வரவில்லை. நிலமெல்லாம் காடாகிக் கிடந்தது. ஒருவருடைய எல்லையைக் காட்டினால் இன்னொருவருக்குப் பகையாகிவிடுவோம் என்று எல்லோருக்கும் பயம்.

"யாருக்கும் வேணாம்னா என்கிட்டக் குடுங்க," என்றார் அச்சிரோ அக்கா. "எனக்கு ஏற்கெனவே நல்ல பேரு இல்ல. புதுசா கெட என்ன இருக்கு?"

உயரமான பெண். மெதுவாக நடப்பார். குரல் மட்டும் ஓடையைத் தாண்டி அடுத்த குடியிருப்புவரை போகும். கணவர் முகாமில் காய்ச்சலில் இறந்துபோனார். தம்பி அதற்கு முன்பே, கிட்கும் நகருக்குப் போகும் சாலையில், கிளர்ச்சிக்காரர்கள் கையில். அதைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "எப்போ பாப்ப? இப்பவே பாரு," என்பார்.

திரும்பி வந்த முதல் வருடம் உதவி லாரி விதை கொண்டுவந்தது. சாக்கின் மேல் விதை என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தது ஏதோ சந்தையில் வாங்கிய கடலை. நிறம் ஒரு மாதிரி, அளவு ஒரு மாதிரி, பாதி பழையது. மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் வயல் சொட்டைச் சொட்டையாக இருந்தது. ஒக்கிடி பெரியவரின் தலையோடு ஒப்பிட்டு எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சேர்ந்துதான். அறுவடைக் காலத்தில் யாரும் சிரிக்கவில்லை. முளைத்ததிலும் சில செடி முந்தி முற்றியது, சில பிந்தி முற்றியது. எப்போது பிடுங்கினாலும் பாதி வீண்.

அந்த வருடம்தான் அச்சிரோ அக்கா பட்டணத்து விதை அலுவலகத்துக்கு நடந்தார். ஒருமுறை இல்லை, பலமுறை. கடைசியில் சிவப்புக் கடலையின் தாய் விதை கொஞ்சம் வாங்கிவந்தார். நிபந்தனையோடு கொடுத்தார்கள். எங்கள் குடியிருப்புகள் சேர்ந்து அதைப் பெருக்க வேண்டும். வேறு ரகம் கலக்கக் கூடாது. ஆய்வாளர் வயலையும் பார்ப்பார், மூட்டையையும் பார்ப்பார். தேறினால் ஒவ்வொரு சாக்குக்கும் சான்று அட்டை கிடைக்கும். சுற்றியுள்ள ஊர்களில் திரும்பி வந்திருக்கிற எல்லோரும் அந்த மழைக்கு எங்கள் விதையைத்தான் விதைப்பார்கள். தேறாவிட்டால் மறுபடியும் அந்த லாரிதான் வரும்.

"அந்த லாரியை ஓடைப் பாலத்துலேயே திருப்பி அனுப்பணும்," என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகவே அந்த வருடம் முழுக்க வாழ்ந்தார் என்று சொல்லலாம்.

தாய் விதை கொடுக்க வேண்டிய வீடுகளை ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. அபாலோ அம்மாவின் வீட்டுப் பெயரை யாரும் சொல்லவில்லை. அவர் மகன் ஒலான்யாவைச் சிறுவனாக இருக்கும்போது கிளர்ச்சிக்காரர்கள் தூக்கிப்போயிருந்தார்கள். ஆளாகித் திரும்பி வந்திருந்தான். வெளியே போய்த் திரும்பியவரைத் தூய்மையாக்கி ஏற்கும் எங்கள் முறைப்படி, வாசலில் முட்டை மிதித்து வீட்டுக்குள் வந்தான். ஊருக்குள் வரவில்லை. அவன் தண்ணீர் எடுக்க வந்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். கூட்டத்தில் அந்தப் பெயர் விடுபட்டபோது அச்சிரோ அக்காவும் வாய் திறக்கவில்லை. அபாலோ அம்மா தன்னிடமிருந்த பழுப்புக் கடலையை விதைத்துக்கொண்டார். முகாமில் குடிசைக்குப் பின்னால் பாய் அகல நிலத்தில் வருடா வருடம் போட்டுக் காப்பாற்றிய கடலை அது.

சிவப்பு நன்றாக விளைந்தது. ஆய்வாளர் ஓபோலோட் வயலுக்கு வந்து, வேறு மாதிரி தெரிந்த செடிகளையெல்லாம் காட்டி, "இது கலவன், பிடுங்கு," என்று பிடுங்கவைத்துவிட்டுப் போனார். காய்களைக் காயவைத்து மூட்டை கட்டியாயிற்று. புதுச் சாக்கு வாங்கவும் ஆய்வாளர் வரும் நாளைப் பேசி முடிக்கவும் அக்கா பட்டணம் போனார்.

அவர் அங்கே இருந்தபோது ஊரில் ஒரு நல்ல காரியம் நடந்தது.

ஒக்கிடி பெரியவரின் பேரன் ஓடைச் சேற்றில் மாட்டிக்கொண்டான். இழுத்துக் காப்பாற்றியது ஒலான்யா. பெரியவர் அன்று மாலையே பகை தீர்ந்தது என்று எல்லாக் குடியிருப்புக்கும் சொல்லி அனுப்பினார். எங்கள் பக்கம் பகை தீர்ந்தால், சம்பந்தப்பட்ட வீடுகள் தங்கள் விளைச்சலை ஒரே பாயில் கொட்டும். யாருடையது எது என்று பிரிக்க முடியாதபடி கையால் கலக்கும். மறுநாள் எல்லோரும் தங்கள் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினார்கள். அபாலோ அம்மா தலையில் சுமந்துவந்த கூடைகளையும் கொட்டினார். பெரியவர் முழங்கைவரை கையை விட்டுக் கலக்கினார். பெண்கள் குலவையிட்டார்கள். ஒலான்யாவின் பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாக்குச் சீட்டு எழுதும் வேலை எனக்கு. நானும் அங்கேதான் இருந்தேன். ஒருவருக்கும் ஆய்வாளரின் ஞாபகம் வரவில்லை.

அடுத்த நாள் மோட்டார் சைக்கிளின் பின்னால் சாக்குக்கட்டோடு வந்து இறங்கிய அக்கா குவியலைப் பார்த்தார். குனிந்து சில காய்களை உடைத்தார். ஒன்றில் சிவப்பு. ஒன்றில் பழுப்பு.

"யாரு கொட்டச் சொன்னது?"

"நான்தான்," என்றார் பெரியவர். "மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? ஊரு ஒண்ணாச்சு. சந்தோஷப்படு."

"ஊரு ஒண்ணாகட்டும் பெரியவரே. கடலை எதுக்கு ஒண்ணாகணும்?"

"பகை தீந்தா பாயில கொட்டுறதுதானே வழக்கம். உன் கல்யாணச் சண்டை தீந்தப்போ உங்கப்பன் எள்ளைக் கொட்டலையா?"

"அது திங்கிற எள்ளு. இது விதை."

"ரெண்டும் வாய்க்குத்தான் போகுது."

"விதை மண்ணுக்குப் போகுது பெரியவரே. வாய்க்கு அப்புறம்தான். அந்தப் பழுப்பைப் பிரிச்சாகணும்."

கொட்டியதைத் திரும்பப் பிரிப்பது என்றால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுப்பது. அதுவும் பழுப்பு ஒரே ஒரு வீட்டினுடையது. பின்னாலிருந்து லாகும் அக்காவின் குரல் கேட்டது. வாய்க்குப் பூட்டு இல்லாத மனுஷி. "தம்பி செத்த கோவம் இன்னும் அடங்கல போல. அபாலோ மகனை ஒண்ணும் பண்ண முடியாது, கடலையைப் பிடிச்சுக்கிட்டா."

அச்சிரோ அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"லாகும் சொல்றதுல பாதி சரி," என்றார். "விதை குடுக்கிறப்போ அபாலோ பேரை யாரும் சொல்லல. நானும் சொல்லல. ஏன் சொல்லலைனு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அன்னைக்கு நான் வாயைத் திறந்திருந்தா அவங்க வீட்டுலயும் சிவப்புதான் விளைஞ்சிருக்கும். இன்னைக்குக் கொட்டுனாலும் கவலை இல்ல. அது என் தப்பு. ஆனா அதுக்காக ஊரு பூரா மறுபடியும் சொட்டை வயலைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா? ஓபோலோட் வரதுக்குள்ள இதைச் சுத்தம் பண்ணுறோம்."

"அபாலோ ஒத்துக்க மாட்டா," என்றார் பெரியவர்.

"கேட்டுட்டு வரேன்."

"பாக்கலாம்னு சொல்லு, நாளைக்கு…"

"இப்பவே."

என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அபாலோ அம்மா முற்றத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வா, மண்வெட்டித் தலைவி. கொட்டுனதைப் பொறுக்கிட்டுப் போகச் சொல்ல வந்தியா?"

"ஆமா."

முறம் நின்றது. "நேராச் சொல்றியே. அதுக்காவது ஒரு முக்காலி போடுறேன். உக்காரு."

அக்கா உட்கார்ந்தார். அபாலோ அம்மா அதன் பிறகு நிறுத்தவில்லை. "முட்டை மிதிக்க வச்சீங்க. உள்ள வா மகனேன்னீங்க. அப்புறம் கெணத்தடியில அவனைக் கண்டா குடத்தைத் தூக்கிட்டு ஓடுனீங்க. நேத்துதான் ஒருத்தன் அவன் தட்டுல கை வச்சுச் சாப்பிட்டான். ராத்திரி அவன் தூங்கினான் அச்சிரோ, கத்தாம தூங்கினான். இன்னைக்கு வந்து உன் கடலை மட்டும் வேணாங்குற."

"உன் கடலை வேணாம்னு சொல்லல. ரெண்டும் ஒரே வயல்ல நின்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கே பாடமா?"

"தெரிஞ்சவங்ககிட்டதானே பேச முடியும். உன்னோடது முத்துற வரைக்கும் காத்திருந்தா சிவப்பு மண்ணுக்குள்ளேயே முளைச்சிரும். சிவப்பு முத்துனதும் புடுங்குனா உன்னோடது பாலாத்தான் இருக்கும். ரெண்டுமே போயிரும். வருஷம் பூரா உழைச்சுட்டு அந்த லாரிக்கு முன்னாடி கையேந்தி நிக்கணும். உன் மகனும்தான் நிக்கணும்."

அபாலோ அம்மா புடைத்த கேழ்வரகில் கல்லைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். பிறகு, "அப்ப ஒலான்யாவும் வந்து உக்காந்து பிரிப்பான். உன் பக்கத்துல. வேற எங்கேயும் இல்ல, உன் பக்கத்துல," என்றார்.

"சரி."

"எவளாவது என் கடலையைக் கழிச்சுப் போட்ட கடலைன்னு சொன்னா, நான் குவியல்லயே படுத்துக்குவேன். என் கடலைக்கும் ஒரு வயல் வேணும். என் நிலம் பத்தாது."

"ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்குல்ல, அந்த வயல்ல போடு. சிவப்புக்கு எட்டாத தூரம்."

அபாலோ அம்மா நிமிர்ந்தார். அந்த வயல் யாருடையது என்று ஊருக்கே தெரியும். அக்காவின் தம்பி கொத்திய வயல். அவர் இறந்த பிறகு அக்கா அதில் மண்வெட்டி வைத்ததில்லை, வேறு யாரையும் வைக்க விட்டதும் இல்லை. அபாலோ அம்மா முறத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு எழுந்தார். "அவனைக் கூப்பிடுறேன்," என்றார்.

அந்தப் பழுப்புக் கடலை இன்றும் அங்கேதான் விளைகிறது. அதற்கு அட்டை கிடையாது. எண்ணெய் அதிகம், விழுது அரைக்க நல்லது என்று கேட்டு வாங்கிப்போகிறார்கள்.

மாமரத்தடியில் வேலை தொடங்கியது. காயாக இருக்கும்போது நிறம் தெரியாது, உடைத்துத்தான் பிரிக்க வேண்டும். கையால் மட்டும்தான் உடைக்க வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். "உலக்கை வேணாம், பருப்பு ரெண்டாயிரும். பல்லு வேணவே வேணாம். தோலு கிழிஞ்சா முளை செத்துரும்." சிவப்பு ஒரு பாயில், பழுப்பு ஒரு பாயில், உடைந்ததும் சொத்தையும் நடுவில் ஒரு கூடையில். ஒலான்யா அக்காவின் இடப்பக்கம் உட்கார்ந்தான். அவன் மறுபக்கம் ஓர் ஆள் இடம் காலியாகவே இருந்தது. பெரியவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்து அதில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் வேறொரு சிக்கல் தெரிந்தது. குவியல் குறைந்த அளவுக்குப் பாய்கள் நிரம்பவில்லை. கோடைக்காலம், எல்லோரும் ஒருவேளைக் களியில் இருந்தோம். பச்சைக் கடலை கைக்கும் வாய்க்கும் நடுவில் வழி தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

அக்கா எழுந்து நின்றார். "இனிமே உடைக்கிறவங்க எல்லாரும் பாடணும். பாட்டு நின்னா வாயைத் திறந்து காட்டணும்."

"நானும் பாடணுமா?" என்றார் பெரியவர்.

"உங்க பல்லு இருக்கிற லட்சணத்துக்கு நீங்க மென்னுக்கிட்டே பாடுவீங்க. உங்களைத் தனியாப் பாத்துக்கிறேன்."

லாகும் அக்கா கன்னம் பார்க்கும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். பாட்டு கிளம்பியது. விதைப்புப் பாட்டு, கல்யாணப் பாட்டு, முகாமில் ரேஷன் வரிசையைக் கிண்டல் செய்து கட்டிய பாட்டு. தலை தாழ்த்தினால் லாகும் வந்து தாடையைப் பிடித்துத் தூக்கினார். என் தாடையையும் தூக்கினார். வேலை உண்மையிலேயே வேகமாக நடந்தது. கட்டைவிரல் நகம் வெடித்தவர்கள் துணி சுற்றிக்கொண்டு உடைத்தார்கள்.

"ஒலான்யா வாயைக் காணோம்!" என்று லாகும் திடீரென்று கத்தினார். "பாட்டே வரல! கன்னத்தைப் பாருங்க!"

விளையாட்டாகத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் யாரைச் சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பாட்டு நின்றுவிட்டது. அபாலோ அம்மாவின் கையில் காய் அப்படியே இருந்தது. அச்சிரோ அக்கா மட்டும் உடைப்பதை நிறுத்தவில்லை.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றார் நிமிராமல். "வாயைத் திற."

ஒலான்யா திறந்தான். லாகும் எட்டிப் பார்த்தார். "வெறும் வாய்," என்றார் சின்னக் குரலில்.

"வெறும் வாயானாலும் பாடணும்," என்றார் அக்கா. "ஊரே தொண்டை கட்டிப் பாடுது. உனக்கு மட்டும் என்ன சலுகை?"

"எனக்கு இந்தப் பாட்டெல்லாம் தெரியாதுக்கா." எல்லோர் முன்னாலும் அவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை. "அங்க பாட வச்சதை இங்க பாட மாட்டேன்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அக்காவின் கை அப்போதுதான் நின்றது. ஒரு காயை உருட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் தம்பியின் ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

"அப்ப விசிலடி," என்றார் கடைசியில். "விசிலடிச்சாலும் திங்க முடியாது."

அவன் உதட்டைக் குவித்தான். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு கூர்மையாக, ஏறி இறங்கி, சோள வயலில் குருவி விரட்டுகிற சிறு பிள்ளைகளின் விசில் வந்தது. பாயோரம் பொறுக்கிக்கொண்டிருந்த கோழிகள் இறக்கையை அடித்துக்கொண்டு நாலாபக்கமும் ஓடின.

"அடப்பாவி, என் கோழி!" என்று பெரியவர் எழுந்து ஓடினார். லாகும் தரையில் விழுந்து சிரித்தார். எல்லோருமே சிரித்தோம். அபாலோ அம்மா தோள்துணியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. "நல்லாருக்கு, நிறுத்தாத," என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தார். அதன் பிறகு குவியல் தீரும்வரை பாட்டுக்கு நடுவே அந்த விசிலும் கேட்டுக்கொண்டே இருந்தது. கோழிகள் மாமரத்தடிப் பக்கம் வரவே இல்லை. அதுவும் ஒரு லாபம்.

வழக்கம் என்ன ஆவது என்று பெரியவர் கடைசியாக ஒருமுறை கேட்டார். நடுக் கூடையைக் காட்டினார் அக்கா. உடைந்த பருப்புகள், சிவப்பும் பழுப்பும். "எல்லா வீட்டுதும் இதுல இருக்கு. இதை எந்தக் கொம்பனும் பிரிக்க முடியாது. வறுத்து அரைங்க. எள்ளு என்னோடது." அன்று மாலை அந்த விழுதோடு எல்லோரும் களி சாப்பிட்டோம். பெரியவர் தட்டை வழித்துவிட்டு, "வழக்கம் நிறைவேறுச்சு. ருசியாவும் இருந்துச்சு," என்று தீர்ப்புச் சொன்னார்.

முளைப்புச் சோதனைக்கு ஒரு பங்கு பட்டணத்துக்குப் போனது. அதில் தேறியது. மிச்சம் கலப்புச் சோதனைதான். மேகம் கூட ஆரம்பித்த ஒரு நாள் காலையில் ஓபோலோட் வந்தார். கிழக்கே, கடலை விளைச்சலுக்குப் பெயர்போன பகுதிக்காரர். எங்கள் மொழியைக் கொஞ்சம் இழுத்து இழுத்துப் பேசுவார். அதைக் கேலி செய்ய அன்று யாருக்கும் தைரியமில்லை.

முன்னால் அழகாக அடுக்கியிருந்த சாக்குகளை அவர் தொடவில்லை. பின்வரிசையில் அடியில் கிடந்ததை இழுக்கச் சொன்னார். நடுவில் கையை விட்டு அள்ளித் தகரத் தட்டில் பரப்பினார். விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். அடுத்த சாக்கு. அடுத்தது.

கடைசித் தட்டில் அவர் விரல் நின்றது. சிவப்புக்கு நடுவில் ஒரு பழுப்பு.

"இது என்ன?"

"அது என்னோடதுங்க," என்றார் அபாலோ அம்மா, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதுபோல.

ஓபோலோட் அவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "எப்படிக் கலந்தது?"

"நாங்கதான் கலந்தோம்," என்றார் அக்கா. "எல்லாரும் சேந்து கலந்தோம். அப்புறம் எல்லாரும் சேந்து உடைச்சுப் பிரிச்சோம். அது ஒண்ணு தப்பிச்சிருக்கு. மறைக்க ஒண்ணுமில்ல."

"கலந்த விதையைக் கையால இவ்வளவு சுத்தமாப் பிரிச்சு நான் பார்த்ததில்லை. ஆனா என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும். அடுத்த தடவை கலக்குறதுக்கு முன்னாடியே உங்களைக் கூப்பிடுறோம்."

ஓபோலோட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொஞ்சம் கலவன் இருக்கலாம், விதியே அனுமதிக்குது. இது அளவுக்குள்ளதான். தேறிருச்சு. அட்டை கட்டலாம்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் குலவை கிளம்பியது. அபாலோ அம்மா அந்தப் பழுப்பைத் தட்டிலிருந்து எடுத்து, "விதியே அனுமதிச்சிருச்சாம். இது உள்ளயே இருக்கட்டும்," என்று சாக்கில் போடப் போனார்.

அச்சிரோ அக்கா அவர் கையைப் பிடித்தார். "விதி அனுமதிக்கும். நான் அனுமதிக்க மாட்டேன்." பருப்பைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"மெல்லுது!" என்று கத்தினார் லாகும். "தலைவி வாய் மெல்லுது! நான் பாத்தேன்!"

"பாட்டு! பாட்டு!" என்றது கூட்டம். எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டது ஒலான்யாவின் குரல்.

அக்கா அவசரப்படவில்லை. மென்று முடித்தார். என் கையிலிருந்த அட்டைகளில் முதல் அட்டையை வாங்கி, கோணியூசியில் சணலைக் கோத்தார். பிறகு பாடிக்கொண்டே, சுருதி எங்கேயோ போக, முதல் சாக்கின் வாயைத் தைத்து அட்டையைக் கட்டினார்.